ஏலம் முதல் நாளே முடிந்துவிடுகிறது

வாடிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நெல் வயல். பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடைப்பட்ட இருபோகப் பாசனத்தில் வரும் நிலம். வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தொழி உழவு, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு, வேண்டும். வாடகை டிராக்டருக்குச் சொல்லி வைத்துவிட்டுக் காத்துக் கிடப்போம். ஒரு வருடம் அப்படிக் காத்திருந்ததில் நாற்று முற்றிப் போனது. அந்த ஆற்றாமையில்தான் சொந்தமாக ஒரு பழைய டிராக்டர் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு யார்டு. தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர்கள் எடுத்து வந்த வண்டிகளை அங்கே நிறுத்தி ஏலம் விடுவார்கள். நம் ஆட்கள் 'சீஸ் வண்டி' என்பார்கள். நான் போய்ச் சேர்ந்தது ஏலத்தன்று காலை பத்தரை மணிக்கு. ஏலம் கேட்பதற்கான முன்பணமாக டேவணித் தொகை பத்தாயிரம் கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், வரிசையாக இருபது வண்டிக்கு மேல் நிற்கிறது. சிவப்பாக ஒன்று கண்ணில் பட்டது. பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2,75,000-க்கு மேல் போவதில்லை என்று மனதில் வைத்திருந்தேன். எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஐயாயிரம் ஐயாயிரமாக ஏற்றிக்கொண்டே வந்தார். மூன்று லட்சத்தைத் தாண்டும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. 'ரெண்டு தரம்' என்று சொல்லி ஏலம் கூறுபவர் என் முகத்தையே பார்த்தார். 3,22,000-க்கு எடுத்தேன். வெளியே வந்தால் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார்டு ஆபீசுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். விலையை ஏற்றிவிட நிற்கும் ஆட்கள் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் தொழியிலேயே வண்டி படுத்துவிட்டது. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வந்தது. முன் அச்சில் புஷ் தேய்ந்து சக்கரம் ஆடியது. பின் அச்சு சீல் போய் பிரேக்குக்குள் ஆயில் இறங்கியிருந்தது. ஒரே போகத்தில் 1,18,000 ரூபாய் செலவு. ஆர்சி புத்தகம் என் பெயருக்கு மாற ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் நடுரோட்டில் ஓட்டப் பயந்து, வரப்பு ஓரமாகவே ஓட்டினேன். அந்தத் தடவையும் வாடகை டிராக்டர்தான் எங்கள் வயலை உழுதது.

அதற்கப்புறம் எனக்காகவும் பக்கத்து வயல்காரர்களுக்காகவும் ஏழெட்டு ஏலங்களுக்குப் போயிருக்கிறேன். ஏலத்தன்று நடப்பது கையைத் தூக்குவதும் இறக்குவதும்தான். எதற்கு, எவ்வளவு வரை தூக்குவது என்பதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். பொதுவாக ஏலத்துக்கு முன்பே ஒன்றிரண்டு நாள் வண்டியைப் பார்க்க விடுவார்கள். அறிவிப்பிலேயே அந்தத் தேதி இருக்கும். கீழே 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரியும் இருக்கும். எடுத்த பிறகு எந்தக் குறை தெரிந்தாலும் கேட்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதனால்தான் பார்க்க விடும் நாள் அவ்வளவு முக்கியம். தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியும் சாப்பாடும் வீண் செலவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. போனதும் முதல் வேலை, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் எதுவும் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த இன்ஜின்தான் தன் வயதைச் சொல்லும். நான் எடுத்த அந்தச் சிவப்பு வண்டியை ஏலத்துக்கு முன்பே யாரோ கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்க வேண்டும். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்துப் பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். புகை குப்குப்பென்று தள்ளி, துணியில் ஆயில் தெறித்தால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைப்போ டீசல் பம்ப் கோளாறோ இருக்கும். அது சரிசெய்யக் கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

கிளட்சுக்கு ஒரு சோதனை. பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, உயர் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கைப் பார்க்க ஒன்பது கொத்துக் கலப்பை மாதிரி கனமான ஒன்றை மாட்டித் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கலப்பை தரையைத் தொட்டிருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. கலப்பை இல்லை என்று யார்டில் சொன்னால், நாலு பேர் ஏறி நின்றாவது பார்த்துவிடுவோம். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் விடக் கூடாத ஒன்று.

வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை நம்பாதீர்கள். வயரைக் கழற்றிவிட்டால் அது நின்றுவிடும். கிளட்ச் பெடலின் ரப்பரும் ஸ்டீரிங் வட்டமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே வண்டி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, வண்டி எந்த மண்ணில் உழுதது என்று தெரிந்துகொள்வதுதான். எங்கள் பக்கத்து வண்டி என்றால் சேற்றில் புதையாமல் இருக்க கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொழியில் இறங்கியிருக்கும். சேற்றுத் தண்ணீர் சீல்களைத் தின்றுவிடும். அச்சுகளைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் உழுத வண்டி சேறு பார்த்திருக்காது. ஆனால் மழை பெய்து, மண் காய்ந்து இறுகிய பிறகு ஆழ உழவு செய்து இன்ஜின் நிறையப் பாடுபட்டிருக்கும். செங்கல் சூளைக்கும் மண் அடிக்கவும் டிரெய்லர் இழுத்த வண்டி என்றால் கிளட்சும் பிரேக்கும்தான் போயிருக்கும். பின் டயரைப் பார்த்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். வயலில் ஓடிய டயரில் பட்டைகளின் ஓரம்தான் மழுங்கியிருக்கும். தார் ரோட்டில் ஓடியதில் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கும். பின் டயர் ஒரு ஜோடி மாற்றுவது பெரிய செலவு, அதையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவெண்ணே பாதிக் கதையைச் சொல்லும். டிஎன் 58, 59, 64 மதுரை. 57 திண்டுக்கல், 60 தேனி, 63 சிவகங்கை, 67 விருதுநகர். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, கடன் யார் பெயரில் நிற்கிறது, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது என்பதெல்லாம் வரும். விவசாய டிராக்டரின் பதிவு 15 வருடத்துக்கு. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பதினாலு வருட வண்டியை எடுக்கிறீர்கள் என்றால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும். டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் உண்டு. டிராக்டர் காகிதத்தைக் காட்டி டிரெய்லரையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஓர் எண் விடாமல் ஒத்துப் பாருங்கள்.

காகித விஷயத்தில் எனக்கு ஐந்து மாதம் போனதற்குக் காரணம், நான் கேட்க வேண்டியதைக் கேட்காததுதான். பழைய உரிமையாளர் ஆர்சியைக் கொடுக்காவிட்டால், பைனான்ஸ்காரர் படிவம் 36 போட்டுத் தன் பெயரில் புது ஆர்சி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 படிவங்களில் நம் பெயருக்கு மாறும். ஆர்சியில் இருக்கும் கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35. வேறு ஆர்டிஓ எல்லைக்குள் கொண்டுபோவதாக இருந்தால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்கு வழி வேறு: வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32 கொடுக்க வேண்டும். இதில் எது தயாராக இருக்கிறது, எது இனிமேல்தான் வரும் என்று பார்வை நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இனிமேல்தான் என்று சொன்னால், இரண்டு மாதம் வண்டி சும்மா நிற்கும் என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். யார்டை விட்டு வெளியே எடுக்கும் நேரத்திலேயே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்டாக வேண்டும். வழியில் ஒருவர் மேல் மோதிவிட்டால் நிலத்தை விற்றாலும் மீள முடியாது.

விலையை முதல் நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து போடுங்கள். புது வண்டியின் இன்றைய விலையிலிருந்து தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பழைய வண்டியைக் கேட்டால் ஏமாந்துபோவோம். மெக்கானிக் சொன்ன செலவு, டயர், காகிதம், இன்சூரன்ஸ், லாரியில் ஏற்றி வரும் கூலி எல்லாவற்றையும் கழித்து வரும் தொகையை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுகிறேன். அதைத் தாண்டினால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அந்தத் தாள் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. நாலு ஏக்கருக்குச் சொந்த வண்டி தேவைதானா என்பதையும் அப்போதே யோசியுங்கள். வேளாண் பொறியியல் துறை இ-வாடகையில் மணிக் கணக்கில் டிராக்டர் தருகிறது. முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் பல பேருக்கு அதுவே போதும்.

ஒரு தடவை, பார்வை நாளில் யார்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் எந்த வண்டியைப் பார்த்தோம் என்று கேட்டார். சொன்னதும், "அது நம்ம வண்டிதான் தம்பி" என்றார். மல்லிகைத் தோட்டத்துக்கும் வெளி உழவுக்கும் எடுத்தாராம். மகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்ததில் நாலு தவணை நின்றுபோனது. மூன்றாவது கியர் சில நேரம் தானாக நழுவும், மற்றபடி ஒரு குறையும் இல்லை, ஆயில் மட்டும் தவறாமல் மாற்றுங்கள் என்று சொன்னார். வண்டியைப் பற்றி அவர் பேசியது, வளர்த்த மாட்டைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. மெக்கானிக் அண்ணன் போய்ப் பார்த்தார். மூன்றாவது கியர் அவர் சொன்னபடியே நழுவியது.

அன்றிலிருந்து ஏலத்தில் நிற்கும் எந்த வண்டியையும் வெறும் இரும்பாக என்னால் பார்க்க முடியவில்லை. வண்டியைப் பறிகொடுத்த அந்த மனிதருக்குத் தெரியாத சில விஷயங்களைப் பிறகு நான் கேட்டறிந்தேன். நம்மில் யாருக்கு வேண்டுமானாலும் அந்த நிலை வரலாம் என்பதால் இங்கே சொல்கிறேன். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை விதிகள் உண்டு. வண்டியை எடுப்பதற்கு முன் எவ்வளவு கால அவகாசம், எடுத்தபின் விற்பதற்கு முன் கடனைக் கட்டக் கடைசி வாய்ப்பு, இதெல்லாம் கடன் பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பத்திரத்தின் நகலை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அந்தக் கடைசி வாய்ப்பை எழுத்தில் கேளுங்கள். ஏலம் முடிந்ததும் என்ன விலைக்குப் போனது, செலவு எவ்வளவு, கடனில் எவ்வளவு கழிந்தது என்று கணக்குக் கேளுங்கள். கடன் போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம்.

சட்டிப் பானையை எல்லாம் தூக்கிப் போய்விடுவார்கள் என்ற பயம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. நீதிமன்ற ஜப்தியில் சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று 1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. விவசாயி என்றால் அவர் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதை நெல் இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. டிராக்டரையே ஈடாக எழுதிக் கொடுத்து வாங்கிய கடனில் அந்த டிராக்டருக்கு இது பொருந்தாது. ஆனால் மற்றதற்குப் பொருந்தும்.

வீட்டுச் சாமான் ஏலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் அது அபூர்வம். ஆனால் பிள்ளைகள் கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டு, வீடு பூட்டிக் கிடப்பது கூடிக்கொண்டே வருகிறது. போன வருடம் மாசியில் எங்கள் பெரியப்பா வீட்டில் அப்படி ஒன்று நடந்தது. முன்னின்று நடத்தியது நான்தான்.

நாள் குறித்ததில் தப்பில்லை. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் ஒரு வாரம் முன்பே தாள் ஒட்டினோம். ஏலம் கூற, ஊரில் எல்லாரும் மதிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கேட்டுக்கொண்டோம். ஒவ்வொரு பொருளிலும் எண் எழுதிய சீட்டு. ஓட்டை விழுந்த தவலையை ஓட்டையோடு தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வாத்தியார் விலை கேட்டார். பணம் கொடுத்த பிறகுதான் பொருள் வாசலைத் தாண்டும். பரம்பு, நுகத்தடி, கமலைச் சாமான், மண்வெட்டி எல்லாம் குவியல் குவியலாகப் போயின. மருந்தடிக்கும் டேங்க்கையும் ஒன்பது கொத்துக் கலப்பையையும் தனியாக விட்டோம். நல்ல விலை வந்தது. திருகையையும் மரக்காலையும் கேட்க அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நெல் கொட்டி வைக்கும் பெரிய குலுக்கையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும்.

பித்தளை, வெண்கலம் விற்பவர்களுக்கு ஒன்று. மதுரையிலிருந்து வரும் பழைய பாத்திர வியாபாரி எடைக்குத்தான் விலை போடுவார். அவர் வருவதற்கு முன் நீங்களே நிறுத்து எழுதி வைத்து, அன்றைய கிலோ விலையை இரண்டு கடையில் விசாரித்துவிடுங்கள். வெண்கலத்தைப் பித்தளைக் கணக்கில் சேர்த்துவிடுவதும் நடக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள், வெண்கலம் மணி போல் நீளமாக ஒலிக்கும்.

அந்தப் பாத்திர வரிசையில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். ஒரு பித்தளைக் குடம். கழுத்தில் பெரியம்மாவின் பெயரும் 1968 என்ற வருடமும் வெட்டியிருந்தது. அவருடைய கல்யாணச் சீர். குடத்தைத் திருப்பிப் பார்க்காமலே நான் எண்ணை ஒட்டியிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து அக்கா வந்த பஸ் தாமதமாகிவிட்டது. அவர் வாசலில் கால் வைக்கும்போது வாத்தியார் "நாலாயிரம், ரெண்டு தரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லவில்லை. "நாலாயிரத்து நூறு" என்றார். கூட்டம் அடங்கிப்போனது. வியாபாரி மேற்கொண்டு கேட்காமல் ஒதுங்கிக்கொண்டார். அம்மாவின் குடத்தை மகள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

பெண்ணுக்கு வந்த சீர் அவளுடைய சொத்து. அவளுக்குப் பிறகு அதைப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் வாசலுக்கு வர வேண்டும். ஒரு நாள் முன்னதாக வீட்டுப் பெண்களை எல்லாம் வரவழைத்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துப் பெயர் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. டிராக்டரைச் சுற்றி வந்து அவ்வளவு பார்க்கத் தெரிந்த எனக்கு, ஒரு குடத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை பவர் டில்லர் தேடிக்கொண்டிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை யார்டில் பார்வை நாள், சனிக்கிழமை ஏலம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் துணி, டார்ச், பென்சில், தாள் எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று. உள்ளே போவதற்கு முன் அந்த டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.